மான் துடிக்கக் கூடாது: வேட்டைத் துப்பாக்கியின் அளவும் வேட்டைக்காரரின் கடமையும்

 

இன்றைய தலைப்பைப் பார்த்ததும் உங்களில் சிலருக்கு மனம் சுருங்கியிருக்கும். கொல்லாமைக்கென்றே தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மொழியில் நின்றுகொண்டு, மானைச் சுட எந்தத் துப்பாக்கி ஏற்றது என்று பேசலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். நானும் அதைக் கேட்டுப் பார்த்த பிறகுதான் இந்த மேடைக்கு வந்தேன்.

மானைக் கொல்லலாமா என்பது ஒரு கேள்வி. சட்டம் அனுமதித்து மான் கொல்லப்படும் நாடுகளில், அந்தச் சாவு எப்படி நேர வேண்டும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் 'கூடாது' என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கும் இரண்டாவது கேள்வியில் அக்கறை இருந்தாக வேண்டும். ஏனென்றால் நம் வாதம் எந்தப் பக்கம் போனாலும், துடிப்பது மான்தான். அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புள்ளிமானோ கடமானோ, அதை வேட்டையாடுவது இங்கே குற்றம். அது குற்றமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் நிலை. நான் இன்று பேசுவது ஸ்காட்லாந்தின் மலைச்சரிவுகளைப் பற்றி, ஜெர்மனியின் காடுகளைப் பற்றி, அமெரிக்காவின் மேப்பிள் தோப்புகளைப் பற்றி.

அங்கே ஏன் சுடுகிறார்கள்? பிரிட்டனில் ஓநாய் அற்றுப்போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகின்றன. மானைத் தின்ன வேறு பெரிய விலங்கு எதுவும் அந்தத் தீவில் இல்லை. மான் பெருகுகிறது, முளைவிட்ட கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுகிறது, கிழட்டு மரங்கள் விழுந்த இடத்தில் இளமரம் எழும்புவதில்லை. நம் காட்டுக் கேளையாட்டின் சீன உறவுக்காரனை ஒரு காலத்தில் பிரபுக்களின் பூங்காவுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அது வேலி தாண்டி, இன்று நாட்டின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. எனவே ஆண்டுதோறும் மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பது அங்கே நில நிர்வாகத்தில் ஒரு வேலை. அந்த வேலையை நல்லபடியாகச் செய்வதா, அரைகுறையாகச் செய்வதா? இதுதான் நம் முன் நிற்கும் கேள்வி.

நண்பர்களே, துப்பாக்கியின் அளவு என்றால் என்ன? காலிபர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண் அது. அந்த எண் பெரிதாக இருந்தால் துப்பாக்கியும் வலியது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது உண்மையா? மூன்று தோட்டாக்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் தூக்கிச் சென்ற .30 கார்பைன். இரண்டாவது, 1952-இல் சந்தைக்கு வந்த .308 வின்செஸ்டர். மூன்றாவது, .300 வின்செஸ்டர் மேக்னம். மூன்றிலும் குண்டின் விட்டம் ஒன்றே, 0.308 அங்குலம். குண்டை மட்டும் தனியே எடுத்து விட்டத்தை அளந்தால் மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் குழல்வாயை விட்டுப் புறப்படும்போது அவற்றின் ஆற்றல் என்ன? கார்பைன் குண்டுக்கு ஆயிரம் அடி-பவுண்டு கூடத் தேறாது. .308 குண்டுக்கு ஏறத்தாழ 2,650. மேக்னத்துக்கு 3,600. விட்டம் ஒன்று, வலிமையில் மூன்றரை மடங்குக்கு மேல் வேறுபாடு!

எங்கிருந்து வந்தது இந்த வேறுபாடு? எடையிலிருந்தும் வேகத்திலிருந்தும் வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தோமே, எடையை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் இரட்டிப்பாகும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகும். கார்பைன் குண்டு நொடிக்கு இரண்டாயிரம் அடி வேகத்தை ஒட்டிப் போகிறது. மேக்னம் குண்டு 3,300 அடியை ஒட்டிப் பாய்கிறது. எனவே, 'என்ன காலிபர்?' என்று மட்டும் கேட்டு நிறுத்துகிறவர் பாதிக் கேள்விதான் கேட்கிறார். எவ்வளவு எடையுள்ள குண்டு? என்ன வேகம்? எப்படிப்பட்ட குண்டு? எவ்வளவு தூரத்தில் நிற்கும் மான்? இந்த நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் முழுக் கேள்வி.

சட்டம் எழுதியவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்களா? உணர்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. குழல் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குழல்வாயில் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. குண்டு மென்முனையோ குழிமுனையோ கொண்டதாக இருக்க வேண்டும். நான் சொன்ன அந்தக் கேளையாட்டு உறவுக்காரன் சிறிய உடம்புக்காரன் என்பதால், அவனுக்கு 2007-இல் தளர்வு கொடுத்தார்கள்: 0.220 அங்குலக் குழல், 50 கிரெயின் எடையுள்ள குண்டு, 1,000 அடி-பவுண்டு ஆற்றல்.

எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால், 1985-ஆம் ஆண்டின் ஆணை வேறு மாதிரி பேசுகிறது. அங்கே குழலின் விட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை! செம்மான் போன்ற பெரிய மானுக்கு முதலில் 100 கிரெயின் (2023 முதல் 80) எடையுள்ள குண்டு, நொடிக்கு 2,450 அடி வேகம், 1,750 அடி-பவுண்டு ஆற்றல், விரியும் தன்மை. ரோ என்ற சிறுமானுக்கு 50 கிரெயின், அதே வேகம், 1,000 அடி-பவுண்டு.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போகிறது. குழல்வாயில் இருக்கும் ஆற்றலை அவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. 100 மீட்டர் தூரத்தில் குண்டிடம் மிச்சம் இருப்பது எவ்வளவு என்று கேட்கிறார்கள். ரோ மானுக்கு அந்தத் தூரத்தில் 1,000 ஜூல். செம்மான் முதலான பெரிய விலங்குகளுக்கு 2,000 ஜூல். அதோடு குழல் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எவ்வளவு அறிவான கேள்வி இது! குழல்வாயில் மான் நிற்பதில்லை. மான் நிற்பது தொலைவில். அங்கே போய்ச் சேருவதைத்தானே கணக்கில் எடுக்க வேண்டும்?

இப்போது .243 வின்செஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1955-இல் வந்த தோட்டா. 100 கிரெயின் குண்டு, நொடிக்கு 2,960 அடி வேகம், ஏறத்தாழ 1,945 அடி-பவுண்டு. இங்கிலாந்தில் தேறுகிறது. ஸ்காட்லாந்திலும் தேறுகிறது. ஜெர்மனியில்? குழல் 6.5 மில்லிமீட்டரை எட்டவில்லை. எனவே செம்மானுக்கு ஆகாது, ரோ மானுக்கு ஆகும். அதே தோட்டா, அதே செம்மான். ஒரு நாட்டில் முறை, மற்றொரு நாட்டில் குற்றம். அப்படியானால் இந்த எண்களுக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். எண்கள் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் எண்களுக்குப் பின்னால் இருக்கும் அறம் ஒன்றுதான்: ஓர் உயிரை எடுக்கப் போகிறாய் என்றால், அரைகுறைக் கருவியோடு போகாதே!

இன்னோர் உதாரணம், இதில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். அமெரிக்காவில் மான் வேட்டை என்றாலே முதியவர்கள் நினைவுக்கு வருவது .30-30 வின்செஸ்டர். 1894-இல் வடிவமைத்த நெம்புகோல் துப்பாக்கி; அடுத்த ஆண்டில் வந்த தோட்டா. நூற்றாண்டுக்கு மேலாக அந்த நாட்டில் எத்தனையோ வெள்ளைவால் மான்கள் இந்தத் துப்பாக்கிக்கு விழுந்திருக்கின்றன. தாத்தா பேரனுக்குக் கொடுக்கும் துப்பாக்கி அது. அந்தத் துப்பாக்கியை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? வழக்கமான 150 கிரெயின் குண்டு நொடிக்கு 2,390 அடி வேகத்தில்தான் புறப்படுகிறது. ஆணை கேட்பது 2,450. அறுபது அடி குறைகிறது. எனவே அந்தத் தோட்டாவால் அங்கே மானைச் சுட அனுமதி இல்லை!

இது வெறும் காகிதச் சட்டமா? இல்லை. கணக்கைப் பாருங்கள். அந்தக் குண்டு புறப்படும்போது சுமார் 1,900 அடி-பவுண்டு. நூறு கஜத்தில் சுமார் 1,300. இருநூறு கஜத்தில் 860. அதன் மூக்கு தட்டையானது. காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் மரங்கள் நெருங்கிய காடு. அங்கே ஐம்பது, அறுபது கஜத்துக்கு அப்பால் மானைக் காண்பதே அரிது. அந்தக் காட்டில் .30-30 போதும், போதுமென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துவிட்டது. ஆனால் ஸ்காட்லாந்தின் மலைச்சரிவில் மறைவதற்கு மரமே இல்லை. எவ்வளவு தவழ்ந்து போனாலும் பல வேளை மான் இருநூறு கஜத்தில்தான் நிற்கும். அங்கே அதே துப்பாக்கி போதாது. போதும் என்பதையும் போதாது என்பதையும் துப்பாக்கி மட்டும் தீர்மானிக்கவில்லை. நிலமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. மானின் உடம்பும் சேர்ந்து தீர்மானிக்கிறது. இருபது, இருபத்தைந்து கிலோ ரோ மானும், அதைப்போல் பல மடங்கு எடையுள்ள செம்மான் கிடாவும் ஒன்றாகுமா?

அடுத்து குண்டுக்கு வருவோம். இங்கே நம் நாட்டோடு உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது. கொல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊரில் பிரிட்டிஷாரின் ஆயுதச்சாலை இருந்தது. 1890-களின் பிற்பகுதியில் அங்கே ஒரு குண்டு செய்தார்கள். ஈயக் குண்டின் முனையில் உலோக உறையை நீக்கி, ஈயத்தை வெளியே தெரியவிட்டார்கள். உடம்பில் பட்டவுடன் முனை விரிந்து அகலும். அது உண்டாக்கிய காயத்தைப் பார்த்து உலகமே திடுக்கிட்டது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், இப்படி விரியும் குண்டைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று ஒரு பிரகடனம் செய்தன.

மனிதனைச் சுடக் கூடாது என்று தள்ளிய அதே வகைக் குண்டால்தான் மானைச் சுட வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டமும் ஸ்காட்லாந்து ஆணையும் கட்டாயப்படுத்துகின்றன. முரணாகத் தோன்றுகிறதா? முரண் இல்லை, நண்பர்களே. போரில் நோக்கம் எதிரியைச் செயலிழக்கச் செய்வது. காயப்பட்டவன் மருத்துவமனைக்குப் போகலாம், பிழைக்கலாம், வீடு திரும்பலாம். மானுக்கு ஏது மருத்துவமனை? முழு உறையிட்ட ராணுவக் குண்டு மானின் உடம்பில் விரியாமல் ஊசி போலத் துளைத்து மறுபுறம் போய்விடக்கூடும். மான் ஓடிவிடும். புதருக்குள் போய் மணிக்கணக்கில், சில வேளை நாள் கணக்கில் கிடந்து சாகும். விரியும் குண்டோ உள்ளே போனதும் காளான் குடைபோல் அகன்று, பல நேரம் தன் விட்டத்தைப்போல் இரு மடங்காகி, நுரையீரலைக் கிழித்துவிடும். சில நொடிகளில் ரத்த அழுத்தம் விழும், மூளைக்கு ரத்தம் போகாது, மான் நினைவிழக்கும். மானுக்குக் காட்டும் கருணை விரைவு மட்டுமே. அந்த விரைவைத் தருவது விரியும் குண்டு.

ஆகவே ஒன்றை மனத்தில் பதிய வையுங்கள். கொல்வது அடி-பவுண்டு அல்ல. ஜூலும் அல்ல. குண்டு எந்த உறுப்பில், எவ்வளவு பெரிய புண்ணை உண்டாக்குகிறது என்பதுதான் கொல்கிறது. ஆற்றல் என்ற எண் அந்தப் புண்ணுக்கு ஒரு ஜாமீன். அதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

அந்த உறுப்பு எங்கே இருக்கிறது? மான் பக்கவாட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்ப்பாதியில் இதயம். அதை ஒட்டி மேலும் பின்னும் நுரையீரல். ஒரு வெள்ளைவால் மானில் இந்த இடம் இருபது சென்டிமீட்டர் அகலம், ஒரு சிற்றுண்டித் தட்டின் அளவு. ரோ மானில் அதைவிடச் சிறியது. அந்த வட்டத்துக்கு ஒரு சாண் பின்னால் பட்டால் வயிறு. ஒரு சாண் மேலே போனால் முதுகு. ஒரு சாண் முன்னால் போனால் கழுத்தின் அடி. வட்டத்துக்குள் பட்ட மான், இதயமே துளைபட்டாலும், ஐம்பது நூறு மீட்டர் ஓடக்கூடும், ஓடி விழுந்துவிடும். வட்டத்துக்கு வெளியே பட்ட மான்தான் துடிக்கும் மான்.

சுட்ட பிறகு நல்ல வேட்டைக்காரர் என்ன செய்கிறார்? துள்ளிக் குதித்து ஓடுவதில்லை. மான் நின்ற இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு மெதுவாகப் போகிறார். குனிந்து பார்க்கிறார். புல்லின் மேல் கொத்தாக மயிர் கிடக்கிறது. ரத்தம் இளஞ்சிவப்பாக, சிறு சிறு குமிழியாக நுரைத்திருந்தால் அது நுரையீரல் ரத்தம். மான் அருகிலேயே இறந்து கிடக்கும். ரத்தம் கறுஞ்சிவப்பாகக் கொஞ்சமாகச் சொட்டியிருந்தால் ஈரல். ரத்தத்தோடு பச்சையாக அரைபட்ட புல் கலந்து, மூக்கில் நாற்றம் ஏறினால் வயிற்றில் பட்டிருக்கிறது. அந்த நாற்றம்தான் வேட்டைக்காரர் அஞ்ச வேண்டிய நாற்றம். அந்த மான் முதுகை வளைத்துக்கொண்டு மெல்ல நடந்து போயிருக்கும். உடனே துரத்தினால் எழுந்து மைல் கணக்கில் போய்விடும். துரத்தாமல் விட்டால் பக்கத்தில் படுக்கும். எனவே மணிக்கணக்கில் காத்திருந்து, பழக்கிய நாயோடு போய்த் தேட வேண்டும். அந்தக் காத்திருப்பு முழுவதும் அந்த மான் வலியில் கிடக்கிறது. எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு எடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இங்கிருந்துதான் வருகிறது!

இப்போது சிலர் எழுந்து ஒரு பெயரைச் சொல்வார்கள். துப்பாக்கிக்காரர்கள் கூடும் இடத்தில் தவறாமல் வரும் பெயர் அது: கரமோஜோ பெல். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் மிகப் பலவற்றை .275 ரிக்பி என்ற மெல்லிய துப்பாக்கியால், ஏழு மில்லிமீட்டர் குண்டால் வீழ்த்தினார். ஜிம் கார்பெட்டின் நூல்களைப் படித்தவர்களுக்கு இந்தத் துப்பாக்கி தெரிந்திருக்கும். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்குப் பரிசாக 1907-இல் கார்பெட்டுக்குக் கிடைத்ததும் இதே .275 ரிக்பிதான்.

"யானைக்கே ஏழு மில்லிமீட்டர் போதுமென்றால், மானுக்கு எதற்குப் பெரிய துப்பாக்கி?" இதுதான் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெல் என்ன செய்தார் என்பதை முழுதாகச் சொல்வதில்லை. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்தார். மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் எங்கே சுட வேண்டும் என்று படித்தார். விரியாத திடக் குண்டைத் தேர்ந்தெடுத்தார், அது நேராக ஆழம் போகும் என்பதற்காக. நாள்தோறும் அதுவே தொழிலாக இருந்தார். அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் இருந்தது அப்படிப்பட்ட ஒரு கண், அப்படிப்பட்ட ஒரு கை. அவர் துப்பாக்கியை வாங்கிவிடலாம். அவர் கையை எந்தக் கடையில் வாங்குவது? ஆண்டில் ஒரு வாரம் விடுப்பெடுத்துக் காட்டுக்குப் போகிறவர் பெல்லின் கதையைச் சொல்லிச் சிறிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்தால், அவர் தன் பயிற்சிக் குறைவுக்கான விலையை மான் தலையில் கட்டுகிறார்.

நன்றாகக் கவனியுங்கள். மான் அசையாமல், பக்கவாட்டில், அருகில் நின்றால், காற்றும் இல்லாமல் இருந்தால், சிறிய தோட்டாவும் வேலையை முடித்துவிடும். .223 ரெமிங்டனும் முடிக்கும்; ஆனால் அதன் வழக்கமான 55 கிரெயின் குண்டுக்கு 1,280 அடி-பவுண்டுதான் என்பதால், இங்கிலாந்தில் அந்தக் கேளையாட்டு உறவுக்காரன் போன்ற மிகச் சிறிய மானுக்கு மட்டுமே அது சட்டப்படி ஆகும். ஆனால் காட்டில் எல்லா நாளும் நல்ல நாளா? விரல் அழுத்தும் கணத்தில் மான் ஒரு காலடி எடுத்து வைக்கும். சற்றே சாய்ந்து நிற்கும். குண்டு முன்சப்பை எலும்பில் படும். அந்த எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே நுரையீரல்வரை போக வேண்டும். அங்கேதான் எடை வேண்டும். அங்கேதான் ஆற்றல் வேண்டும். சட்டம் கேட்கும் அந்த எண்கள் நல்ல நாளுக்காக எழுதியவை அல்ல. கெட்ட நாளுக்காக எழுதியவை!

அப்படியானால் இருப்பதிலேயே பெரியதை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் அடுத்த பள்ளம் இருக்கிறது. பெரிய தோட்டா பெரிதாக உதைக்கும். .300 மேக்னம் சுடுகிறவரின் தோளை .308-ஐவிடப் பலமாக அடிக்கிறது. நாலு முறை அடிபட்ட தோள் ஐந்தாவது முறை அடியை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. கண் தானாக மூடுகிறது. விரல் அழுத்துவதற்குப் பதிலாக இழுக்கிறது. குழல் ஒரு நூலளவு விலகுகிறது. இங்கே நூலளவு விலகினால் நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் எவ்வளவு விலகும்? தட்டளவு வட்டத்தைத் தாண்டி வயிற்றில் போய்ப் படும். வயிற்றில் பட்ட மேக்னத்தைவிட நுரையீரலில் பட்ட .243 ஆயிரம் மடங்கு கருணையானது. குறைந்த ஆற்றல் ஒரு வகைக் கொடுமை. அடக்க முடியாத ஆற்றல் இன்னொரு வகைக் கொடுமை.

எனவே போதுமான காலிபர் என்பதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. கீழ் எல்லையை மானின் உடம்பும் தூரமும் வகுக்கின்றன. மேல் எல்லையை உங்கள் தோளும் உங்கள் பயிற்சியும் வகுக்கின்றன. இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் உங்கள் துப்பாக்கி. நடைமுறையில் அந்த இடைவெளியில் எவை நிற்கின்றன? சிறுமானுக்கும் நடுத்தர மானுக்கும், உதைப்புக்கு அஞ்சுகிறவர்களுக்கும் .243. ஸ்வீடன் நாட்டின் பழைய 6.5×55, 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர், 1925-இல் வந்த .270 வின்செஸ்டர், .308, 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06. இவை எல்லாம் பெரும்பாலான மான்களுக்கு, நியாயமான தூரத்தில், தக்க குண்டோடு போதும். இவற்றுக்குள் எது சிறந்தது என்று விடிய விடிய வாதாடுகிறார்கள். அந்த நேரத்தில் இருபது தோட்டாக்களைப் பயிற்சித் திடலில் சுட்டிருந்தால் மான்களுக்கு நன்மையாக இருந்திருக்கும்!

இதை நார்வே நாடு சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. அங்கே பெரிய விலங்கை வேட்டையாட விரும்புகிறவர் ஒவ்வோர் ஆண்டும் சுடும் தேர்வில் தேற வேண்டும். முதலில் முப்பது தோட்டாக்கள் பயிற்சி. பிறகு 100 மீட்டர் தூரத்தில் விலங்கின் உருவம் வரைந்த அட்டையில், 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளும் பட வேண்டும். நான்கு பட்டால்? தேறவில்லை, மறுபடி சுட வேண்டும். போன ஆண்டு தேறினேன் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். போன ஆண்டு இருந்த கை இந்த ஆண்டும் இருக்கிறதா என்று காட்டச் சொல்கிறார்கள். அடிபட்டு ஓடிய விலங்கைத் தேடப் பழக்கிய நாய்க்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். துப்பாக்கியை மட்டும் அளந்து பார்த்து விட்டுவிடாமல், பிடித்திருக்கும் ஆளையும் சேர்த்து அளக்கும் முறை இது. இதற்கு என் மனமார்ந்த வணக்கம்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. .308-இன் வழக்கமான 150 கிரெயின் குண்டு 300 கஜத்தில் தன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. மானைத் தாக்கும் இடத்தில் ஆயிரம் அடி-பவுண்டாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே வழங்கும் பழைய கணக்கு. கொலராடோ மாநிலம் 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு, 0.24 அங்குலக் குழல், மானுக்கு 70 கிரெயின் விரியும் குண்டு என்று விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆனால் ஆற்றல் மிச்சம் இருப்பதாலேயே அவ்வளவு தூரத்தில் சுடலாம் என்று ஆகாது. குண்டு போய்ச் சேர அரை நொடி ஆனால், அந்த அரை நொடியில் மான் நகராது என்று யார் உத்தரவாதம் தருவது? அட்டையில் பத்துக்குப் பத்து அடிக்கும் தூரம் எதுவோ, அதுதான் காட்டில் உங்கள் தூரம். அதற்கு மேல் ஒரு கஜம்கூட உங்களுக்கு உரிமை இல்லை.

இன்னொரு பொறுப்பும் இப்போது சேர்ந்திருக்கிறது. ஈயக் குண்டு உடம்புக்குள் சிதறுகிறது. வேட்டைக்காரர் விட்டுச் செல்லும் குடலைக் கழுகு தின்கிறது. ஈயம் கழுகின் ரத்தத்தில் ஏறுகிறது. காண்டோர் என்ற பெருங்கழுகைக் காக்கும் அக்கறையோடு, கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுவதுமாக விலக்கியது. டென்மார்க், ரவையில் ஏற்கெனவே தடைசெய்திருந்த ஈயத்தை, 2024-இல் துப்பாக்கிக் குண்டிலும் ஒழித்தது. மாற்று செம்பு. செம்பு ஈயத்தைவிட இலேசானது. அதே நீளக் குண்டு எடை குறைந்து வரும். அதனால்தான் ஸ்காட்லாந்து 2023-இல் பழைய 100 கிரெயின் விதியை 80 கிரெயினாகக் குறைத்தது. பார்த்தீர்களா? எண்கள் கல்வெட்டு அல்ல. அறிவு வளர வளர எண்ணும் மாறுகிறது. மாறாதது அந்த விலங்கின் மீதான கடமை.

அமெரிக்க வன அறிஞர் ஆல்டோ லியோபோல்டின் நூல் 1949-இல், அவர் மறைந்த பிறகு, வெளிவந்தது. வேட்டைக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் எதுவும் காட்டில் இல்லை என்பதை அதில் அவர் சுட்டிக்காட்டினார். மற்ற விளையாட்டுகளில் நடுவர் இருக்கிறார், ரசிகர் இருக்கிறார். காட்டில் தவறு செய்தால் ஊதல் ஊத யாரும் இல்லை. அடிபட்ட மானைத் தேடாமல் திரும்பினாலும் கேட்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் ஒருவரின் அறம் உண்மையில் சோதனைக்கு வருகிறது.

ஆகவே நண்பர்களே, அயல்நாட்டில் வாழும் உங்கள் பிள்ளையோ, உறவினரோ, நண்பரோ ஒருநாள் அங்கே வேட்டை உரிமம் எடுக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். கேள்வி கேளுங்கள். அங்குள்ள சட்டத்தைப் படித்தாயா? உன் குண்டு விரியும் குண்டா? மான் நிற்கும் இடத்தில் அதற்கு எவ்வளவு ஆற்றல் மிச்சம் இருக்கும்? உன் தோள் அந்தத் துப்பாக்கியைக் கண் மூடாமல் தாங்குகிறதா? எத்தனை தோட்டா சுட்டுப் பழகினாய்? அடிபட்ட மானை இருட்டும்வரை தேடுவாயா? இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், இந்த ஆண்டு போகாதே என்று சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் காடு இருக்கும், மானும் இருக்கும்.

இரக்கம் என்பது மனத்தில் ஊறும் ஈரம் மட்டும் அல்ல. ஓர் உயிரின் சாவை நம் கையில் எடுத்துக்கொள்ளும்போது, இரக்கம் கணக்காக மாற வேண்டும். கிரெயினாக மாற வேண்டும். கஜமாக மாற வேண்டும். பயிற்சித் திடலில் செலவிடும் மணிகளாக மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகம் வந்த கணத்தில் விசையிலிருந்து விரலை எடுத்துவிடும் துணிவாக மாற வேண்டும். அந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் கையில் எந்தக் காலிபரும் போதாது. போடத் தெரிந்தவருக்குச் சட்டம் கேட்கும் அளவு ஒரு தொடக்கம்தான். அதற்கு மேலும் தன்னைத் தானே கேட்டுக்கொள்வார். அப்படிக் கேட்டுக்கொள்கிறவர்கள் பெருகட்டும்.